அப்பா எந்த டைப்? வீட்டில் பணப் பேச்சை எடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்க

வேலையில் சேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள ஏதாவது ஒரு டிரெய்னிங்ல உங்களை உட்கார வச்சு ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் எழுத வச்சிருப்பாங்க. கடைசியில் ஒரு கலர் கொடுத்திருப்பாங்க, இல்லைன்னா நாலு எழுத்து. "உங்க மேனேஜர் சிவப்பு, அவர்கிட்ட நேரா விஷயத்துக்கு வாங்க. டீம்ல இருக்கிற அந்தப் பொண்ணு பச்சை, முதல்ல நலம் விசாரிங்க"ன்னு சொல்லித் தந்திருப்பாங்க. நீங்களும் அதை ஆபீஸ்ல ஓரளவு பயன்படுத்திட்டு இருப்பீங்க.

ஆனா ஒரு கேள்வி. உங்க வாழ்க்கையில் பெரிய தொகை சம்பந்தப்பட்ட பேச்செல்லாம் எங்க நடக்குது? மேனேஜர்கிட்ட கிடையாது. அவர்கிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை அப்ரைசல் பேசுவீங்க, அவ்வளவுதான். வீட்டுக் கடன், அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்கச்சி கல்யாணம், ஊர்ல இருக்கிற நிலம், எஃப்.டி யார் பேர்ல, நாமினி யாரு, இதெல்லாம் நடக்கிறது வீட்டுத் திண்ணையிலும் சாப்பாட்டுத் தட்டு முன்னாடியும்தான். அங்க போனதும் எல்லா டிரெய்னிங்கையும் மறந்துட்டு, லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட்டைக் காட்டுறோம். அப்பா எழுந்து வெளிய போயிடுறார்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து இளைஞர்கள் என்கிட்ட கொண்டு வர்ற பிரச்சினைகளில் பாதி வரிப் பிரச்சினையே இல்ல. "சார், என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்பதுதான். அதனால இந்தப் பதிவு ஃபண்டைப் பத்தி இல்ல, பேச்சைப் பத்தி.

இந்த டெஸ்ட் எல்லாம் எங்கிருந்து வந்தது?

சுருக்கமா சொல்லிடுறேன். நாலு எழுத்து வர்ற டெஸ்டுக்குப் பேர் மையர்ஸ்-பிரிக்ஸ். 1921ல கார்ல் யுங் எழுதின புத்தகத்தை அடிப்படையா வச்சு, கேத்தரின் பிரிக்ஸ், அவரோட மகள் இசபெல் மையர்ஸ்னு இரண்டு பேர் உருவாக்கினது. இரண்டு பேருமே உளவியல் படிச்சவங்க இல்ல. நாலு கலர், நாலு குணம்னு வர்றதுல பலதுக்கு மூலம் டிஸ்க். வில்லியம் மார்ஸ்டன் என்பவர் 1928ல எழுதின புத்தகத்திலிருந்து வந்தது. பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு அடிப்படையான ரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கியவரும் இவர்தான், 1941ல 'வொண்டர் வுமன்' காமிக்ஸ் கதாபாத்திரத்தை உருவாக்கியவரும் இவர்தான். பல்துறை வித்தகர்!

இதையெல்லாம் நம்பலாமான்னா, பாதி நம்பலாம். மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்டை சில வாரம் கழிச்சுத் திரும்ப எழுதினா கணிசமான பேருக்கு வேற எழுத்து வருது. இதை வச்சு வேலைக்கு ஆள் எடுக்காதீங்கன்னு அதை விக்கிற கம்பெனியே சொல்லுது. இன்னைக்கு உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துறது 'பிக் ஃபைவ்' என்ற ஐந்து அளவுகோல். அதுல டைப்பே கிடையாது. எல்லார்கிட்டயும் எல்லாக் குணமும் இருக்கும், அளவுதான் கூடக் குறைய.

நம்ம வேலைக்கு நேரடியா உதவுறது வேற ஒண்ணு. பிராட் க்ளாண்ட்ஸ் என்ற அமெரிக்க நிதி உளவியலாளரும் அவரோட குழுவும் 2011ல வெளியிட்டது. பணத்தைப் பத்தி சின்ன வயசிலேயே மனசுல பதிஞ்சு போற நம்பிக்கைகளை நாலா பிரிச்சாங்க. அமெரிக்கர்கள்கிட்ட கேட்டு எடுத்ததுதான், ஆனா படிக்கும்போது நம்ம தெருவே கண்ணுக்கு முன்னாடி வந்து போகுது.

முதலாவது, பணத்தைத் தவிர்க்கிறவங்க. "காசு காசுன்னு அலையுறவன் நல்லா இருந்ததில்ல" என்பாங்க. பேங்க் மெசேஜைத் திறந்தே பார்க்க மாட்டாங்க. கடன் எவ்வளவு பாக்கின்னு கேட்டா, "கட்டிட்டுத்தான் இருக்கேன்".

இரண்டாவது, பணம் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்புறவங்க. இன்னும் ஒரு அஞ்சு லட்சம் கிடைச்சா போதும், செட்டில். கிடைச்ச பிறகு இன்னும் ஒரு அஞ்சு லட்சம். ஆப்ஷன் டிரேடிங் டெலிகிராம் குரூப்களில் இவங்கதான் அதிகம். நம்ம வயசுக்காரங்க நிறைய பேர் இந்த ரகம், அப்பாவை மட்டும் பார்த்துட்டு இருக்காதீங்க.

மூணாவது, அந்தஸ்து பார்க்கிறவங்க. நாலு பேர் என்ன சொல்லுவாங்க என்பது இவங்க பட்ஜெட்ல முதல் வரி. மொய் நோட்டுல தன் பேருக்கு நேரா இருக்கிற தொகை பக்கத்து வீட்டுக்காரரை விடக் குறைஞ்சிடக் கூடாது.

நாலாவது, காவல் காக்கிறவங்க. கடன் பிடிக்காது, செலவு பிடிக்காது, கையில் எவ்வளவு இருக்குன்னு பெத்த பிள்ளைகிட்டயும் சொல்ல மாட்டாங்க. அந்த ஆய்வுல நிதி நிலைமை ஒப்பீட்டளவில் நல்லா இருந்தது இவங்களுக்குத்தான். ஆனா பதற்றமும் ரகசியமும் இவங்க கூடவே வரும்.

இதைப் படிச்சதும் "எங்கப்பா நாலாவது"ன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு நிமிஷம் பொறுங்க. பஸ்ஸுல அஞ்சு ரூபா பாக்கிச் சில்லறைக்கு கண்டக்டர் பின்னாடியே நடக்கிற அதே மனுஷன், மக கல்யாணத்துக்கு ஊர்லயே பெரிய மண்டபத்தைப் பிடிக்கிறார். உரம் வாங்கும்போது நாலாவது, கல்யாணத்துல மூணாவது, மருமகன் வாங்கின கடனைப் பத்திப் பேச்சு வந்தா முதலாவது. அதனால ஆளுக்கு டைப் ஒட்டாதீங்க. பேசப் போற விஷயத்துக்கு ஒட்டுங்க. "இந்த விஷயத்துல அப்பா எங்க நிக்கிறார்?" என்பதுதான் சரியான கேள்வி.

குணமா, காலண்டரா?

டெஸ்ட் எதுவும் கேட்காத ஒரு விஷயம் இருக்கு. ஒருத்தருக்கு வருமானம் எந்தத் தேதியில வருது என்பது.

கான்சாபுரத்தை எடுத்துக்குங்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி பக்கம், மலை அடிவாரம். பிளவக்கல் அணைத் தண்ணியையும் கண்மாயையும் நம்பி விவசாயம் நடக்கிற பகுதி. வடகிழக்குப் பருவமழை பெய்யணும், அணை நிறையணும், கண்மாய்க்குத் தண்ணி வரணும். அப்புறம்தான் நடவு. பணம் வர்றது அறுவடைக்கு அப்புறம், மொத்தமா, வருஷத்துல ஒரு தடவையோ இரண்டு தடவையோ. நடுவுல மோட்டார் காயில் எரிஞ்சா, மாடு படுத்தா, களை எடுக்க ஆள் கூலி ஏறினா, கையில ரொக்கம் வேணும். நகையை அடகு வச்சு விதை வாங்கி, அறுத்ததும் மீட்கிறது அந்த வீட்டோட ஓவர்டிராஃப்ட். அப்படி முப்பது வருஷம் வாழ்ந்த ஒருத்தர்கிட்ட போய் "அப்பா, மாசம் பத்தாயிரம் எஸ்.ஐ.பி போடலாம்"னு சொன்னா, மாசம் என்ற வார்த்தையே அவருக்குச் சம்பந்தம் இல்லாதது. அவர் பயந்தாங்கொள்ளி இல்ல, பிற்போக்கும் இல்ல. அவரோட காலண்டர் வேற.

அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே வந்தா ராஜபாளையம். 1936ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதிலிருந்து மூணு தலைமுறையா மில் சம்பளத்துல வளர்ந்த குடும்பங்கள் அங்க உண்டு. பி.எஃப் பிடித்தம், தீபாவளி போனஸ், ரிட்டயர் ஆனா கிராஜுவிட்டி, இதெல்லாம் அந்த வீட்டுப் பெரியவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. அதே எஸ்.ஐ.பியை அங்க "பி.எஃப் மாதிரி மாசாமாசம் பிடிச்சுக்குவாங்க, ஆனா வட்டி நிச்சயம் கிடையாது, ஏறும் இறங்கும்"னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும். ஒத்துக்கிறாங்களா என்பது அடுத்த விஷயம், புரிஞ்சுடும்.

இரண்டு வீட்டுப் பெரியவருக்கும் ஒரே பர்சனாலிட்டி டெஸ்ட் கொடுத்தா ஒரே விடை வரலாம். ஆனா நீங்க பேச வேண்டிய விதம் வேற. அதனால வீட்ல பேசும் முன்னாடி மூணு விஷயத்தை யோசிச்சு வச்சுக்குங்க: பணம் எப்ப வருது, கடைசியா எதுல பட்டாங்க, அந்த வீட்ல நிஜமா முடிவு எடுக்கிறது யாரு. மூணாவது கேள்விக்கு விடை நிறைய வீடுகளில் அம்மாதான். அப்பாகிட்ட ஒரு மணி நேரம் வாதாடுவீங்க, ராத்திரி அம்மா அடுப்படியில வச்சு ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. "கடைசியா எதுல பட்டாங்க" என்பதும் சின்ன விஷயம் இல்ல. சீட்டுக் கம்பெனியில் ஒரு தடவை ஏமாந்த வீட்ல, நீங்க எதைச் சொன்னாலும் சீட்டுக் கம்பெனி மாதிரிதான் கேட்கும்.

ஒரே விஷயம், வேற வாசல்

பல வீடுகளில் பார்த்ததைக் கலந்து ஒரு கற்பனை வீடு. கான்சாபுரத்துல அப்பா, வயசு 65, இரண்டு ஏக்கர் நெல். பழைய மனை ஒண்ணு வித்த பணம் 10 லட்சம் சேவிங்ஸ் கணக்குல கிடக்கு. மகன் சென்னையில் ஐ.டி வேலை. இரண்டு காரியம் நடக்கணும்: அந்தப் பணத்தை ஒழுங்கான இடத்துல வைக்கணும், அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கணும்.

மகன் வழக்கமா ஆரம்பிக்கிற விதம் இது.

"அப்பா, சேவிங்ஸ்ல மூணு பர்சன்ட் கூட வராது. விலைவாசி ஏற்றத்துல வருஷா வருஷம் நஷ்டம் தெரியுமா?"

"நஷ்டமா? போட்ட காசு அப்படியே இருக்குல்ல?"

பேச்சு முடிஞ்சது. மகன் பேசினது லாபக் கணக்கு. அப்பா அந்தப் பணத்தைப் பொறுத்தவரை காவல்காரர், அவருக்கு வேணும்கிறது பத்திரம். அப்ப பத்திரத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும், அதுக்கு விஷயமும் இருக்கு.

"அப்பா, பத்து லட்சமும் ஒரே பேங்க்ல இருக்கு. ஒரு பேங்க் மூழ்கினா ஒரு ஆளுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ் உண்டு, தெரியுங்களா?"

"அப்படியா? யாரு சொன்னா?"

"2020லயே ஒரு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சமா ஏத்தினாங்கப்பா. அதுக்கு மேல உத்தரவாதம் இல்ல. உங்க பேங்க் நல்ல பேங்க்தான், ஒண்ணும் ஆகாது. ஆனா போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டம் இருக்கு, அது மத்திய அரசாங்கத்தோடது."

"எடுக்கணும்னா எடுக்கலாமா ஏய்யா?"

இந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேட்டுட்டா பாதி வேலை முடிஞ்சது. காவல்காரர் கதவைத் திறக்கும் முன்னாடி வெளிய போற வழியைத்தான் பார்ப்பார். அதுக்கு விடையை மழுப்பாம சொல்லணும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சு வருஷம். இடையில் மூடலாம், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள மூடினா கொடுத்த வட்டியைப் பிடிச்சுக்குவாங்க. ஒண்ணுல இருந்து இரண்டு வருஷத்துக்குள்ளன்னா அசலில் 1.5%, இரண்டு வருஷத்துக்கு மேலன்னா 1% பிடித்தம். வட்டி 2023 ஏப்ரலிலிருந்து 8.2%. உச்ச வரம்பு 30 லட்சம். அரசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டியை மாத்தலாம், ஆனா நீங்க போட்ட அன்னைக்கு இருந்த வட்டி உங்க அஞ்சு வருஷத்துக்கும் மாறாது.

இதுல கான்சாபுரத்துக் காலண்டருக்கு ஒரு வசதி ஒளிஞ்சிருக்கு. வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். 10 லட்சத்துக்கு வருஷம் 82,000, தவணைக்கு 20,500. அறுவடை பணம் வராத மாசங்களில் அது வந்து விழும். "8.2 பர்சன்ட்"னு சொல்றதுக்குப் பதிலா "ஜூலையிலயும் அக்டோபர்லயும் இருபதாயிரம் வரும், நடவுச் செலவுக்கு நகையைத் தூக்க வேண்டியதில்ல"ன்னு அம்மா காதுல விழற மாதிரி சொல்லிப் பாருங்க. கையில ரொக்கம் வேணும்னு நினைக்கிற அப்பாவுக்கு, பத்துல இரண்டு லட்சம் சேவிங்ஸ்லயே இருக்கட்டும்னு விட்டுக்கொடுங்க. கணக்குப்படி அது கொஞ்சம் நஷ்டம்தான். ஆனா மிச்ச எட்டு லட்சம் நகரும். சி.ஏ.வா ஒரு வார்த்தை: விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்ல, இந்த வட்டி வரிக்கு உட்பட்டது. அவருக்கு வேற வருமானம் இல்லைன்னா இந்த அளவு வட்டிக்கு வரி வராது, இருந்தாலும் அதை முன்னாடியே சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சா "மறைச்சுட்டான்" ஆயிடும்.

மருத்துவக் காப்பீடு இதை விடக் கஷ்டம். "நல்லா இருக்கிற மனுஷன்கிட்ட எதுக்கு ஆஸ்பத்திரிப் பேச்சு?" என்பது முதல் பதில். இது காவல் இல்ல, தவிர்ப்பு. நோயைப் பத்திப் பேசினா நோய் வந்துடும்னு ஒரு எண்ணம். தவிர்க்கிறவங்ககிட்ட பயமுறுத்தல் வேலை செய்யாது. "பைபாஸுக்கு எவ்வளவு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா காதை மூடிக்குவாங்க. அங்க நான் சொல்ற வழி, பேச்சை நோயிலிருந்து நிலத்துக்கு மாத்துறது. "நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்காக அந்த இரண்டு ஏக்கரை அடமானம் வைக்கிற நிலைமை வரக் கூடாதுப்பா." நிலம்னு வந்ததும் அதே அப்பா காவல்காரரா மாறிடுவார்.

அடுத்த பதில், "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே". அதைக் குறை சொல்லாதீங்க, நல்ல திட்டம், எத்தனையோ குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்க. "அது இருக்கட்டும்ப்பா, இது அதுக்கு மேல" என்பது சரியான வாக்கியம்.

அந்தஸ்து நுழையுற இடம் ஃபார்ம் நிரப்பும்போது. சுகர், பிரஷர் இருக்கிறதை ஏஜென்ட் முன்னாடி சொல்லப் பெரியவங்களுக்குக் கூச்சம். மறைச்சா நஷ்டம் நமக்கு. 2024ல வந்த விதிகள்படி, ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூணு வருஷம்தான், முன்னாடி நாலு. 65 வயசுக்கு மேல பாலிசி எடுக்க முடியாதுன்னு இருந்த கட்டுப்பாடும் போயிடுச்சு. சொன்னா பிரீமியம் கூடும், காத்திருக்கணும், அவ்வளவுதான். மறைச்சா, ஐ.சி.யூ வாசல்ல கிளெய்ம் மறுக்கப்படும். இந்தக் கேள்விகளை அம்மா, அப்பா தனித்தனியா, ஏஜென்ட் இல்லாதப்ப நீங்களே கேட்டு எழுதி வச்சுக்குங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி இல்ல. நீங்க பழைய வரி முறையில் இருந்தா, மூத்த குடிமக்களான பெற்றோருக்காகக் கட்டுற பிரீமியத்துக்கு வருஷம் 50,000 வரை கழிவு உண்டு. புது முறையில் இல்ல. வரிக்காக மட்டும் எடுக்காதீங்க, அது தனிக் கதை.

உங்களை ஏற்கனவே ஒருத்தர் படிச்சு வச்சிருக்கார்

நீங்க அப்பாவைப் படிக்கிறது இருக்கட்டும். சம்பளக் கணக்கு இருக்கிற பேங்க்ல ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர் உங்களைப் படிச்சு முடிச்சிருப்பார். ஒரே யூலிப் பாலிசிதான். காவல்காரர்கிட்ட "பாதுகாப்பும் சேமிப்பும் ஒண்ணா" என்பார். பணம் வந்தா தீரும்னு நம்புறவர்கிட்ட போன சில வருஷ ஏற்றத்தோட கிராஃபைக் காட்டுவார். அந்தஸ்துக்காரர்கிட்ட "உங்க ப்ரொஃபைலுக்கு மட்டும் வந்திருக்கு சார்". தவிர்க்கிறவர்கிட்ட "நீங்க எதுவும் பார்க்க வேண்டாம் சார், இங்க ஒரு கையெழுத்து போதும்". உங்ககிட்ட எந்த வசனம் வந்ததுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. எந்த டெஸ்டும் இவ்வளவு துல்லியமா உங்க டைப்பைச் சொல்லாது.

முதலீட்டு ஆலோசகர்களுக்கு செபி 2013லயே விதி போட்டிருக்கு. ஆலோசனை சொல்லும் முன்னாடி வாடிக்கையாளரோட ரிஸ்க் தாங்கும் அளவை மதிப்பிடணும், அதுக்குப் பொருத்தமானதைத்தான் சொல்லணும். நல்ல விதி. ஆனா நடைமுறையில் அந்தக் கேள்வித்தாளை எதிர்ல இருக்கிறவரே டிக் பண்ணிட்டு உங்க ஓ.டி.பியை மட்டும் கேட்கிறது நடக்குது. அதை நீங்களே நிரப்புங்க. "மார்க்கெட் 20% இறங்கினா என்ன செய்வீங்க?"ன்னு ஒரு கேள்வி வரும். எல்லாரும் "இன்னும் வாங்குவேன்"னு வீரமா டிக் பண்ணுவாங்க. 2020 மார்ச்ல உங்க எஸ்.ஐ.பியை என்ன பண்ணீங்க என்பதுதான் உண்மையான விடை. அப்ப வேலையில இல்லைன்னா, போன தடவை போர்ட்ஃபோலியோ சிவப்பா இருந்தப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆப்பைத் திறந்தீங்கன்னு எண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, அந்த ஃபார்ம் உங்களை மட்டும்தான் கேட்குது. உங்க சம்பளத்துல ஊருக்குப் போற பணம், தங்கச்சி படிப்பு, உங்க பேர்ல இருக்கிற கல்விக் கடன் எல்லாம் சேர்ந்துதான் உங்க ரிஸ்க். தனி ஆளா நீங்க தைரியசாலியா இருக்கலாம். உங்க வீடு அவ்வளவு தைரியத்தைத் தாங்குமான்னு தெரிய, வீட்ல பேசியே ஆகணும்.

கல்யாணம் ஆனவங்களுக்கும் இதே முறைதான், தனியா ஒரு வீடியோ போடுற அளவுக்கு விஷயம் இருக்கு. இப்போதைக்கு ஒண்ணு மட்டும்: சண்டை வரும்போது "நீ ஒரு செலவாளி டைப்"னு இந்தப் பதிவைக் காட்டிப் பேசிடாதீங்க. இது எதிராளியை வாயடைக்கறதுக்கு இல்ல, நம்ம முதல் வாக்கியத்தை மாத்திக்கிறதுக்கு.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது லேப்டாப்பைப் பையிலேயே வச்சிருங்க. முதல் நாள் பணப் பேச்சு வேண்டாம். மோட்டார் எப்படி ஓடுது, அணையில தண்ணி எவ்வளவு, இந்தத் தடவை என்ன விலைக்குப் போச்சுன்னு கேளுங்க. பணம் எப்ப வருது, எங்க போகுதுங்கிற தகவல் முக்கால்வாசி அந்தப் பேச்சுலயே வந்துடும். இரண்டாவது நாள் பேங்க் பாஸ்புக்ல ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்க: நாமினி பதிவாகியிருக்கா, அந்தப் பேர் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கா. இல்லைன்னா அப்பாவையும் கூட்டிட்டு பிராஞ்சுக்குப் போய் அதை மட்டும் சரி பண்ணிட்டு வாங்க. பத்து லட்சத்தைப் பத்தி அன்னைக்கு வாயே திறக்க வேண்டாம். திரும்பி வர்ற வழியில அவரே ஆரம்பிப்பார்.